தீவிரம் விழுங்கிய சொற்கள்

மதுரையில் அச்சாகும் நாளிதழ்களை ஒரு திங்கள் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் வரும் ஒரே ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வருக. தை பிறக்குமுன் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் வாடிவாசல் அமைக்கும் பணி ‘தீவிரம்’. பெரியாற்றுக் கால்வாயில் நீர் வந்துவிட்டால் மேலூர்ப் பக்கம் நடவு ‘தீவிரம்’. கழுத்துச் சங்கிலியைப் பறித்துச் சென்றவனைக் காவலர் தேடுவது ‘தீவிரம்’. வேட்பாளர் தெருத்தெருவாகக் கைகூப்பி வருவது ‘தீவிர’ வாக்குச் சேகரிப்பு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ‘தீவிரம்’ அடைகிறது. அமைச்சர் ஒருவர் தம்மேல் சாட்டிய குற்றத்தைத் ‘தீவிரமாக’ மறுக்கிறார். மழைக்காலத்துக் காய்ச்சல் பரவுவதும் ‘தீவிரம்’. அதனைத் தடுக்க மாநகராட்சி கொசுமருந்து அடிப்பதும் ‘தீவிரம்’. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சட்டை! எது கெடுவது, எது கெடுவதைத் தடுப்பது என்று சொல்லைக் கொண்டு அறிய வழியில்லை. பின்னால் வரும் சொற்களைக் கொண்டு படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

திங்கள் முடிவில் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் பக்கமெல்லாம் சிவந்திருக்கும்.

‘தீவ்ர’ என்னும் வடசொல்லுக்கு அம்மொழியில் கூர்மை, கடுமை, உறைப்பு என்பனவே பொருள். ஆயினும் இன்று இச்சொல்லைத் தமிழ் இதழ்களில் ஊட்டி வளர்ப்பது வடமொழியன்று, ஆங்கிலமே என்க. ஆங்கிலத்தில் ‘விகரசுலி’ என்றொரு சொல் உண்டு. உயிர்ப்போடு தழைத்திருத்தலைக் குறிக்கும் இலத்தீன வேரிலிருந்து வந்தது. அதன் அண்டையில் ‘எனர்செட்டிக்கலி’ இருக்கிறது. அது கிரேக்கத்தில் வினையைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. ‘பிரிசுக்லி’ என்றால் சுறுசுறுவென்று. ‘சுட்ரென்யுவசுலி’ என்றால் மெய்வருந்த. ‘இன்டென்சிவ்லி’ என்றால் ஓரிடத்தில் குவித்து, செறிவாக. இவ்வேறுபாடுகளை ஆங்கிலேயன் பேணிக்கொள்கிறான். காலை நடைக்கு ஒரு சொல், கல்லுடைப்புக்கு ஒரு சொல் என்று அவன் வீட்டுப் பேழையில் அவை தனித்தனியே இருக்கின்றன. அவை கடல் கடந்து கம்பி வழியாகத் தமிழ் இதழின் இரவுப் பணி மேசைக்கு வந்து சேரும்போதுதான் எல்லாம் ஒரே சாக்கில் கொட்டப்படுகின்றன. மொழிபெயர்ப்பவர்க்கு நேரமில்லை; அச்சுப்பொறி காத்திருக்கிறது; கைக்கு எட்டிய சொல் ‘தீவிரமாக’. ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு வடசொல், தமிழுக்கோ ஒன்றுமில்லை!

இதனை ‘எழுத்தாளர் சோம்பல்’ என்று சொல்லிக் கடந்துவிடலாமா? வகுப்பறைக்குள் சென்று பாருங்கள். வேதியியலில் இலித்தியம், சோடியம், பொட்டாசியம் என மூன்று மென்மையான மாழைகள் உள்ளன. மூன்றையும் நீரில் இட்டால் நீரக வளி வெளிப்படும். ஆனால் இலித்தியத் துண்டு நீரின்மேல் மிதந்து, குமிழிகளைச் சீராக விட்டுக்கொண்டு மெல்லக் கரையும். சோடியம் நீரைத் தொட்டதும் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியமோ தொட்ட நொடியிலேயே கத்தரிப்பூ நிறச் சுடர்விட்டு எரியும். சில வேளை வெடித்துத் தெறிக்கும். மூன்றுக்கும் மூன்று படிகளில் ஆங்கில நூல் சொல் வைத்திருக்கிறது. அப்படிகள்தாம் பாடமே. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தனிமங்கள் கீழே செல்லச் செல்ல வினையாற்றல் மிகும் என்பதை மாணவன் அச்சொற்களின் ஏற்றத்தாலேயே உணர்கிறான். தமிழில் எழுதுவோரோ பின்னிரண்டுக்கும் ‘தீவிரமாக வினைபுரிகிறது’ என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. சீறுவதற்கும் வெடிப்பதற்கும் இடையிலான தொலைவு, ஆய்வகத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் உரிய தொலைவன்றோ? ‘சீறி வினைபுரியும்’ என்றும் ‘வெடித்தெரியும்’ என்றும் எழுதத் தமிழில் என்ன தடை? இரண்டும் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். தெரிந்த சொல்லை விட்டுத் தெரியாத சொல்லை எழுதினால்தான் அறிவியலாகும் என்று எவரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் போலும்.

மருத்துவமனைக்கும் இதே கதை. ஓர் உயிரின் மூச்சையும் நாடியையும் இடைவிடாது பார்த்திருந்து, ஆளும் கருவியும் ஓரிடத்தில் குவித்துப் பேணும் அறைக்குத் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆங்கிலப் பெயர் சொல்வது பேணுதலின் செறிவை. தமிழ்ப் பலகையைப் படித்துவிட்டு வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருக்கும் உசிலம்பட்டித் தாய்க்கு அது நோயின் கடுமையாகவே கேட்கிறது. ‘தீவிரமாம்’ என்று ஊருக்குச் சொல்லியனுப்புகிறாள். ஊரும் அழத் தொடங்கிவிடுகிறது. ‘செறிகவனிப்புப் பிரிவு’ என்று ஒரு பலகை எழுத எத்தனை உரூபா ஆகும்?

இனி, தமிழில் சொல் இருக்கிறதா என்று கேட்போர்க்கு விடை சொல்ல நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் உரியியலை விரித்தால், மிகுதி என்னும் ஒரு கருத்துக்கே உறு, தவ, நனி என்னும் மூன்று சொற்களை அடுக்குகிறார். விரைவுக்குக் கதழ்வு, துனைவு என்பவற்றைக் காட்டுகிறார். ‘கடி’ என்னும் ஓர் உரிச்சொல்லுக்கு விரைவு, மிகுதி, கூர்மை, சிறப்பு, காப்பு, அச்சம் உள்ளிட்ட பத்துப் பொருள்களை எண்ணிச் சொல்கிறார். எந்தப் பொருள் எங்கே என்பதை இடம் காட்டும் என்பது அவர் முடிபு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரலாம் என்று அறிந்திருந்த அம்மொழி, எல்லாப் பொருளுக்கும் ஒரு சொல்லே போதும் என்று எக்காலத்தும் சொன்னதில்லை.

திருக்குறளின் அதிகார அடைவைப் பாருங்கள். 60-ஆவது ஊக்கமுடைமை, 61-ஆவது மடியின்மை, 62-ஆவது ஆள்வினையுடைமை, 67-ஆவது வினைத்திட்பம். இன்றைய இதழாசிரியர் கையில் கொடுத்தால் இந்நான்கையும் ‘தீவிரமாகச் செயல்படுதல்’ என்று ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்து முப்பது குறட்பாக்களை மிச்சப்படுத்திவிடுவார். வள்ளுவர்க்கு அது இயலவில்லை. உள்ளத்தில் எழும் கிளர்ச்சி ஊக்கம். அது கை கால்களில் இறங்கித் தளராது உழைத்தல் ஆள்வினை. இடையூறு வந்தபோதும் எடுத்ததை விடாத மனவுறுதி திட்பம். ஊக்கம் இருந்தும் ஆள்வினை இல்லாதார் உண்டு, மேடைதோறும் காணலாம். ஆள்வினை இருந்தும் திட்பம் இல்லாதார் உண்டு. பாதியில் நின்ற கட்டடங்கள் அவர்களுடையவை. மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொற்கள் இருந்தமையாலேயே அம்மூன்றையும் பிரித்துப் பார்க்கும் அறிவும் இருந்தது.

பழைய நூல் வேண்டா, இன்றைய வழக்கைக் காட்டுக என்பார்க்கு வைகைக் கரையே போதும். முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் முடிந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பிய நாள்முதல் மதுரைச் சமவெளியின் உழவு அந்நீரை நம்பியிருக்கிறது. கள்ளந்திரி வரையிலான இருபோக நிலம் மட்டுமே 45,041 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. அவ்வயல்களில் நீர் பாய்ந்த மறுநாள் என்ன நடக்கிறது? மடையில் நீர் குபுகுபுவென்று இறங்குகிறது. நாற்று முடியைச் சுமந்தவர் வரப்பில் விடுவிடுவென்று நடக்கிறார். நடுவோர் கைகள் விறுவிறுவென்று ஓட, நடவு மளமளவென்று முடிகிறது. வெயிலேறியதும் நீராகாரத்தை மடமடவென்று குடிக்கிறார்கள். நாள் முழுதும் மாங்குமாங்கென்று உழைத்தும் கூலி போதவில்லை என்று மாலையில் பேசிக்கொள்கிறார்கள். இவற்றுள் எதையேனும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்! நடவு மடமடவென்று நடக்காது. நீராகாரத்தை விடுவிடுவென்று குடிக்க இயலாது. ‘மாங்குமாங்கென்று’ என்னும் சொல்லில் உழைப்பின் மிகுதி மட்டுமன்று, அவ்வுழைப்புக்கு ஈடு கிட்டாத வருத்தமும் ஒட்டியிருக்கிறது. அதனை எந்த ஆங்கிலச் சொல் தாங்கும்? இரட்டைக் கிளவி இரட்டையினின்று பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியர் வகுத்தது இச்சொற்களுக்குத்தான். ஈராயிரம் ஆண்டு இலக்கண மதிப்புடைய இக்குடிமக்களைக் ‘கொச்சை’ என்று தள்ளிவிட்டு, அவர்கள் அனைவர் செய்த வேலையையும் நாளிதழ் ஒரே வரியில் ‘நடவுப் பணி தீவிரம்’ என்று முடித்துக்கொள்கிறது.

‘வெரசா வா’ என்பது மதுரைச் சீமையின் அன்றாடப் பேச்சு. விரை என்னும் அடியிலிருந்து பிறந்த தூய தமிழ். அதனைப் பள்ளிக் குறிப்பேட்டில் ஒரு சிறுவன் எழுதிவிட்டால் சிவப்புக் கோடு விழும். மேலே ‘சீக்கிரம்’ என்று திருத்தம் வரும். சீக்கிரம் வடசொல். கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றால் அது ‘துரிதம்’ ஆகும், அதுவும் வடசொல்லே. மேடையேறினால் ‘உற்சாகம்’, ‘ஆவேசம்’. இவ்வாறு பள்ளி, அலுவலகம், மேடை என்று படியேறப் படியேறத் தமிழ் உதிர்ந்துகொண்டே போகிறது. களத்துமேட்டில் நிற்பவன் வாயில் இருப்பது ‘விரை’. அவனுக்கு அறிவு புகட்ட வந்தவர் வாயில் இருப்பது கடன்! ‘மக்களுக்குப் புரியும் சொல்லை எழுதுகிறோம்; தனித்தமிழ் புரியாது’ என்று கூறுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? விளாச்சேரிப் பிள்ளைக்கு ‘வெரசா’ புரியாமல் ‘துரிதம்’ புரிந்துவிட்டதா? அவ்விளாச்சேரிதான், சூரியநாராயண சாத்திரியார் என்னும் தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்ட பெருமகனார் 1870-இல் பிறந்த ஊர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

மற்றொரு சாரார், தொல்காப்பியரே வடசொல்லை ஏற்றுக்கொண்டாரே என்று நூற்பாவைத் தூக்கிவருவர். உண்மை, இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தவர் அவர். வடசொல்லும் வடவெழுத்தை விடுத்துத் தமிழோசை ஏற்று வருக என்று வாயிலில் நிறுத்தி விதி சொன்னார். வந்த விருந்துக்குத் திண்ணை கொடுத்தார் என்பதற்காக, வீட்டிலிருந்த பத்துப் பேரையும் தெருவில் இறக்கிவிட்டு விருந்தினர்க்குப் பட்டா எழுதிக் கொடுக்கச் சொன்னாரா? தீவிரம் என்னும் சொல் தமிழில் இருப்பதைவிடப் பெரிய கேடு, அது இருக்கும் இடத்தில் வேறெதுவும் இல்லாமற் போவது.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு சொல் உண்டு. ‘தீவிரமாக’ வரும் இடமெல்லாம் ‘முனைப்பாக’ என்று மாற்றிவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவோர் இவ்வணியிலும் இருக்கின்றனர். ‘காய்ச்சல் முனைப்பாகப் பரவுகிறது’ என்று எழுதினால் காய்ச்சலுக்கு மனமும் குறிக்கோளும் வந்துவிடும். ‘புட்டியை முனைப்பாகக் குலுக்குக’ என்பது நகைப்புக்கிடம். வடமொழியாட்சியை நீக்கி அவ்விடத்தில் ஒரு தமிழ்ச்சொல்லின் கொடுங்கோலை வைப்பது விடுதலையாகாது. புட்டியை நன்றாகக் குலுக்குக, கறையை அழுந்தத் தேய்க்க, காய்ச்சல் கடுமையாகப் பரவுகிறது, புயல் வலுக்கிறது, தேர்தல் பரப்புரை சூடுபிடிக்கிறது, குற்றச்சாட்டை அடியோடு மறுக்கிறார், தீர்மானத்தை வன்மையாகக் கண்டிக்கிறார், முழுமூச்சாகப் படிக்கிறாள். வினை எதுவோ அதற்கேற்ற சொல். ‘மும்முரமாக’ என்பதை விலக்க வேண்டுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். தெலுங்கு இதழ்களிலும் ஏற்பாடுகள் ‘மும்மரம்’ என்றே எழுதப்படுகிறது. ஒருகுடிப் பிறந்த மொழிகளுக்குப் பொதுவான சொல் அது. விலக்க ஒரு கரணியமும் இல்லை. வேலை நெருக்கி நடக்கும் இடத்தில் அது தாராளமாக நிற்கட்டும். எல்லா இடத்திலும் அன்று.

பல வேளைகளில் தமிழ்க்கு இத்தகைய அடைச்சொல்லே தேவையில்லை என்பதையும் காண்க. ஆற்றல் வினையிலேயே இருக்கும். முன்னே ஒரு வினையெச்சம் வந்து அதனைத் தூக்கி நிறுத்தும். சீறிப் பாய்தல், திமிறி எழுதல், முட்டி மோதுதல், அடித்துச் சொல்லுதல், துருவித் துருவிக் கேட்டல், வலைவீசித் தேடுதல். இவை எவையும் புலவர் ஆக்கியவை அல்ல. வியப்பு யாதெனில், இவற்றுள் பல செய்தியாளர் எழுதுகோலில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வாடிவாசலில் நின்று எழுதும்போது அவர் ‘காளைகள் சீறிப் பாய்ந்தன; வீரர்கள் மல்லுக்கட்டி அடக்கினர்’ என்றே எழுதுகிறார். ‘காளைகள் தீவிரமாக வெளியேறின’ என்று அவர் எழுதமாட்டார். எழுதினால் அலங்காநல்லூரான் சிரிப்பான் என்று அவருக்குத் தெரியும். அதே செய்தியின் அடுத்த பத்தியில் மாவட்ட ஆட்சியர் வந்துவிடுகிறார். உடனே ‘தீவிரப் பாதுகாப்பு ஏற்பாடு’ வந்துவிடுகிறது. கண்ணால் கண்டதை எழுதும்போது தமிழ். காதால் கேட்ட அலுவலகக் குறிப்பை எழுதும்போது வடமொழி. ஒரே கை, ஒரே தாள்!

சொல் தடித்துப்போனால் கருத்தும் மழுங்கும் என்பதற்கு ‘தீவிரவாதி’ ஒன்றே சான்று. 1907-இல் சூரத்துப் பேராயக் கூட்டம் பிளவுபட்டபோது திலகர் பக்கம் நின்றவர்கள் உண்டு, தென்னாட்டில் வ. உ. சிதம்பரனார் அப்பக்கத்தவர். வரலாற்றுப் பாடங்கள் நெடுங்காலம் அவர்களை மிதவாதிகளுக்கு எதிரான ‘தீவிரவாதிகள்’ என்றே குறித்தன. இன்று அதே சொல் தொடர்வண்டியில் குண்டு வைப்பவனுக்கு வழங்குகிறது. கப்பலோட்டிச் செக்கிழுத்த பெருமகனும், வழிப்போக்கரைக் கொல்பவனும் பிள்ளைகள் படிக்கும் தாளில் ஒரே பெயரில் நிற்கிறார்கள். ஒருவரை ‘உறுதியாளர்’ என்றும் மற்றவனைக் ‘கொடுமுறையாளன்’ என்றும் தொடக்கத்திலேயே பிரித்து எழுதியிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திருக்குமா?

பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட நகர் மதுரை. ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த மொழிஞாயிறு பாவாணர் 1981 சனவரியில் கண்மூடியதும் இந்நகரிலேதான். 1974 முதல் அவர் தலைமையில் நடந்த சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி, ஒவ்வொரு தமிழ்ச்சொல்லும் எந்த வேரிலிருந்து எழுந்தது என்று காட்டவே எழுந்தது. 1942-இல் சி. பா. ஆதித்தனார் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கியதும் இங்கேதான். மக்கள் பேசும் தமிழே இதழுக்கு உரிய தமிழ் என்பது ‘இதழாளர் கையேடு’ எழுதிய அவர் கொள்கை. சங்கமும் அகரமுதலியும் நாளிதழும் ஒரே நகரில் கால்பதித்திருக்க, இந்நகரின் இதழ்ப் பக்கங்களே ஒற்றைச் சொல்லில் திக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

இதழ் நடத்துவோர் தாமே திருந்துவர் என்று காத்திருக்கத் தேவையில்லை. படிப்போரிடம் அஞ்சலட்டை இருக்கிறது. இன்ன நாள், இன்ன பக்கம், இன்ன செய்தியில் வந்த ‘தீவிரம்’ என்று ஒரு வரி. அவ்விடத்துக்கு உரிய தமிழ்ச்சொல் இது என்று மறுவரி. வசையும் வேண்டா, விரிவுரையும் வேண்டா. திருமங்கலத்திலிருந்து ஒன்று, வாடிப்பட்டியிலிருந்து ஒன்று, செல்லூரிலிருந்து ஒன்று என்று நாள்தோறும் இரவுப் பணி மேசையில் வந்து விழட்டும். அடுத்த முறை பேரணையில் மதகு திறக்கும்போது, மொழிபெயர்ப்பவர் கைக்கு முதலில் எட்டும் சொல் எதுவாயிருக்கிறது என்று பார்ப்போம்.